தொப்புள்கொடி உள்ள மீன்

மணி அடித்தால் அடுத்த பாட்டிலுக்கு நகர வேண்டும். உள்ளே ஊறும் விலங்கைப் பார்த்து விடை எழுத, ஒரு பாட்டிலுக்கு ஒரு நிமிடம். சிதம்பரத்துக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் சரண்யா இந்தச் செய்முறைத் தேர்வுக்கு வருவது மூன்றாவது முறை. பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இன்றும் தேறாவிட்டால் பட்டம் போனதுதான். கடலூர் இறால் கம்பெனியில் இரவு ஷிப்டை முடித்துவிட்டு நேரே பஸ் ஏறியிருந்தாள். ஐஸில் விறைத்த விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை.

நான்காவது பாட்டிலில் ஒரு சுறாக்குட்டி. வயிற்றிலிருந்து தொப்புள்கொடி நூலாகத் தொங்கியது. அது எந்த விலங்கு வகுப்பு, என்ன காரணம் என்று எழுத வேண்டும்.

கிள்ளை மீன் சந்தையில் அம்மா முத்தம்மாள் மீன் வெட்டும் பலகையில், தாய்ச்சுறாவின் வயிற்றைக் கீறினால் இப்படித்தான் கொடியோடு குட்டிகள் சரியும். சின்ன வயதிலிருந்து பார்த்தது. கொடியோடு குட்டி போடுவது எந்த வகுப்பு? பஸ்ஸில் மனப்பாடம் செய்த அட்டவணையில் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. ‘பாலூட்டி’ என்று எழுதினாள். எழுதியதும் தப்போ என்று பட்டது. அதை அடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தட்சிணாமூர்த்தி அவள் தாளைத் திருப்பிக் காட்டினார்.

“சுறா பாலூட்டியாம்மா?”

“கொடியோட குட்டி போடுது சார். நானே பாத்திருக்கேன்.”

“சரி. பால் குடுத்தத பாத்தியா?”

அவள் யோசித்தாள். “உயிரோட எதையும் பாத்ததில்ல சார். பலகைக்கு வர்றப்ப செத்துதான் வரும்.”

“மூச்சு எதுல விடுது?”

“செவுள்லதான். ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு கீறல் இருக்கும்.”

“எலும்பு?”

“எலும்பு ஏது சார், எல்லாம் குருத்து. கத்தி சர்ருன்னு போயிடும். கொடுவா மீன வெட்டுனாதான் முள்ளுல நிக்கும்.”

“குருத்தெலும்பு மீன். இவ்வளவையும் வாய்ல வெச்சிக்கிட்டு தாள்ல என்னா எழுதியிருக்க பாரு.”

“கொடியப் பாத்ததும் வேற எதுவும் கண்ணுல படல சார்.”

அவர் அந்த விடைக்குச் சுழியம் போட்டார். வாய்மொழிக் கட்டத்தில் பத்துக்கு ஒன்பது எழுதினார். மற்றதோடு சேர்த்தால் மயிரிழையில் தேறிவிடுவாள்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அம்மா போன் செய்தாள்.

“என்னாடி ஆச்சு?”

“பாஸாயிடும் போல. ஒண்ணு தப்பாயிடுச்சு. சுறா மீனாம்.”

“பின்ன என்னா, ஆட்டுக்குட்டின்னு எழுதுனியா?”

சரண்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் ஷிப்ட் இருந்தது. கடலூர் பஸ் நகரத் தொடங்கியதும் ஓடிப்போய் ஏறினாள்.