சிவப்பு பிரைமர்

வேன்காரனிடம் வாங்கிய கோழியைப் பீட்டர் குழம்புக்கென்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தான். முட்டைப் பண்ணையில் வயதாகிக் கழித்துவிட்ட வெள்ளைக்கோழிகளைக் கூண்டு கூண்டாக ஏற்றிவந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் விடும் நேரம் பார்த்து மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அவன் மனைவி ஜெனிபர் மசாலாகூட அரைத்துவிட்டாள். கால்கட்டை அவிழ்த்துக் கொல்லையில் விட்டபோதுதான் வந்தது வினை. பிறந்தது முதல் கம்பிமேலேயே நின்ற கோழி அது. மண் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியவில்லை. ஒரு காலை வைத்தது, சுட்டதுபோல் எடுத்தது, யோசித்து மறுகாலை வைத்தது. எதிரே ஒரு எறும்பு போக, அதை ஒரு கண்ணால் பார்த்தது. நம்பிக்கை வராமல் தலையைத் திருப்பி அடுத்த கண்ணாலும் பார்த்தது. கத்தியோடு நின்ற பீட்டருக்கு அதன்மேல் பிரியம் வந்துவிட்டது. பிரியம் வந்தபின் கத்தி எதற்கு?

"இன்னாய்யா, கோயிய கண்ணாலம் கட்டிக்கப் போறியா? சட்டி காயுது" என்றாள் ஜெனிபர்.

"இது இருக்கட்டும் ஜெனி. மத்ததுங்களோட மேய்ஞ்சிக்கினு கெடக்கட்டும்."

"எங் கோயிங்களோடயா?"

ஜெனிபரின் கோழிகள் சாமானியப்பட்டவை அல்ல. எல்லாம் அசல் நாட்டுக்கோழி. அவற்றுக்குத் தலைவி ஒரு சாம்பல் புள்ளிக்காரி, பெயர் மேஸ்திரி. தீனி போட்டால் முதல் வாய் அவளுடையது, மற்றதெல்லாம் பிறகுதான். பக்கத்து வீட்டு அஞ்சம்மாளின் கருங்கோழிகளும் வேலி இல்லாத அதே கொல்லையில்தான் மேய்ந்தன. அவையும் மேஸ்திரிக்குக் கட்டுப்பட்டே நடந்தன. எது யார் வீட்டுக் கோழி என்று தெரிவதற்கு அந்தத் தெருவில் இறக்கையில் பெயின்ட் தொட்டுவிடுவது வழக்கம். ஜெனிபருக்கு நீலம், அஞ்சம்மாளுக்குப் பச்சை. கம்பெனி பெயின்ட் ஷாப்பில் ஸ்ப்ரே அடிக்கும் பீட்டர்தான், டப்பா அடியில் மிஞ்சுவதைக் கொண்டுவந்து தெருவுக்கே தொட்டுவிடுவான். தெருவில் வேறு வெள்ளைக்கோழியே கிடையாது, அடையாளம் எதற்கு? ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. நீலம் காய்ந்து போயிருந்ததால், இரும்புக்கு முதல் பூச்சாக அடிக்கும் சிவப்பு பிரைமரை எடுத்தான். மற்றவற்றுக்கு இறக்கையில் ஒரு பொட்டு. இதற்கோ, ஆசை மிகுதியில், கழுத்திலும் முதுகிலும் தாராளமாகப் பூசிவிட்டான்.

அன்று பிடித்தது சனியன். மேஸ்திரி முதல் கொத்தைப் போட, மற்றவையெல்லாம் சேர்ந்துகொண்டன. வெள்ளைக்கு ஓடவும் தெரியவில்லை. கொல்லையிலிருந்த குளியலறைச் சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. பீட்டர் அதன்மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தான். திறக்கும்போதெல்லாம் அதே கதை. தெருவே கூடி ஆளுக்கொரு நியாயம் சொன்னது. பண்ணை வாடை நாட்டுக்கோழிக்கு ஆகாது என்றாள் அஞ்சம்மாள்.

"இனம் இனத்தோடதான்யா சேரும்" என்று ஜெனிபர் தீர்ப்பையே எழுதிவிட்டாள். "ஞாயித்துக்கெயம பூசை முடியறதுக்குள்ள சண்ட நிக்கணும். நிக்கல, கொயம்புதான். பேஜாரு தாங்கல."

சனிக்கிழமை மத்தியானம். பீட்டர் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். விடிந்தால் ஞாயிறு. பஞ்சாரத்துக்குள்ளே வெள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது சுவரோரம் கிளறிக்கொண்டிருந்த மேஸ்திரி, சரியாக மூடாமல் வைத்திருந்த பிரைமர் டப்பாவைத் தட்டிவிட்டாள். மூடி கழன்று பெயின்ட் அவள்மேலேயே கொட்டியது. நெஞ்செல்லாம் சிவப்பாக அவள் உதறிக்கொண்டு எழுந்ததுதான் தாமதம், ஒரு கருங்கோழி ஓடிவந்து கொத்தியது. அடுத்தது அவள் பொரித்து வளர்த்த சொந்த மகள். ஒரு நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் மேஸ்திரிமேல் பாய்ந்தது. இத்தனை நாள் அதிகாரம் பண்ணியவள், வெள்ளை நின்ற அதே சுவரில் போய் முகத்தை வைத்துக்கொண்டாள்.

முறத்தோடு வெளியே வந்த ஜெனிபர் ஒரு கணம் நின்று பார்த்தாள்.

"அடப்பாவி! இனமும் இல்ல, வாடையும் இல்ல. எல்லாம் ஒன் பெயின்ட்டுதான்யா! ரத்தம்னு நெனச்சிக்கினு கொத்துதுங்க!"

பீட்டருக்கு வெட்கமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும்போலவும் இருந்தது. பெயின்ட்டைக் கழுவத் தின்னர் எடுக்க ஓடியவனை ஜெனிபர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தோலு வெந்து சாவட்டும்னா?" அடுப்புக்கரியைப் பொடித்து வேப்பெண்ணெயில் குழைத்தாள். சிவப்பு தெரிந்த இடமெல்லாம் அப்பினாள். எதற்கும் இருக்கட்டும் என்று மற்றவற்றையும் பிடித்துப் பிடித்து ஒரு கை பூசிவிட்டாள். நீலமும் போயிற்று, பச்சையும் போயிற்று, எல்லாம் ஒரே கரிநிறம்.

"எங் கோயி எதுன்னு நா எப்டிடி கண்டுபுடிப்பேன்?" என்று அஞ்சம்மாள் இடுப்பில் கைவைத்தாள்.

"கூப்டு பாரு. வந்தா ஒன்னுது."

அஞ்சம்மாள் கூப்பிட்டாள். எல்லாமே வந்தன. வெள்ளையும் நொண்டி நொண்டிக் கடைசியில் வந்தது. தீனியில் ஒரு ஓரம் கிடைத்தது. மேஸ்திரி அதை ஒருமுறை முறைத்தாள், அவ்வளவுதான், கொத்தவில்லை.

பொழுது சாய்ந்தது. கோழிகள் அடையும் பலகை குளியலறைச் சுவரின் உச்சியில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பறந்து ஏறின. பறந்தே பழகாத வெள்ளை இரண்டு முறை எம்பிப் பார்த்து இரண்டு முறையும் விழுந்தது. பிறகு, சுவரோரம் நின்ற பீட்டரின் பைக்கில் கால்மிதிமேல் தாவியது. அங்கிருந்து சீட்டுக்கு. மேலே இருந்த மேஸ்திரி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, தொப்பென்று இறங்கி பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்தாள். தலைவி இறங்கியபின் மற்றவை சும்மா இருக்குமா? சீட்டில் இரண்டு, கேரியரில் ஒன்று, ஹேண்டிலில் ஒரு கருங்கோழி.

நைட் ஷிப்டுக்குக் கிளம்பிய பீட்டர் சாவியோடு வந்து திகைத்து நின்றான். ஒரு கையால் வெள்ளையைத் தூக்கப் போனான்.

"தொட்டியானா பாரு" என்றாள் ஜெனிபர், கொல்லை வாசலிலிருந்து. குரல் தாழ்ந்திருந்தது. "இப்பதான் ஒண்ணா குந்திக்கினு கீதுங்க. சாவிய வெச்சிட்டு பஸ் புடிச்சி போ."

"நாளைக்கி கொயம்பு?"

"சாம்பாரு வெக்கிறேன். போய்யா."

டிபன் பாக்ஸை இடுக்கிக்கொண்டு நடந்தான். லேட்டானால் சூப்பர்வைசர் திட்டுவான், திட்டட்டும். தெருமுனையில் திரும்பிப் பார்த்தான்; வேலி இல்லாத கொல்லை அங்கிருந்தே தெரிந்தது. ஹேண்டில் கண்ணாடி கருங்கோழியின் முதுகை இடித்துக்கொண்டிருந்தது போலும். ஜெனிபர் மூச்சைப் பிடித்தபடி, கோழிகள் விழித்துவிடாமல், அதை மெல்ல மெல்ல அப்பால் திருப்பிக்கொண்டிருந்தாள்.