நிறைத்துக் கொடுத்த டாங்க்

பரராசசிங்கத்தாரிடம் எதையும் இரவல் கேட்கலாம், அந்த மஞ்சள் காரை மட்டும் கேட்கக் கூடாது. ஜெர்மனியில், ஹனோவரில் எங்கள் சனத்துக்கெல்லாம் இது தெரியும். எழுபதாம் ஆண்டு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. பழைய இரும்போடு நசுங்கிக் கிடந்ததை வாங்கி, தொழிற்சாலையில் எஞ்சின் சோதிக்கிற வேலை முடிந்து வந்து, ஏழு வருடம் கராஜில் கிடந்து உயிர் கொடுத்தவர் அவர். அதை 2007 கோடையில் தன் தங்கையின் கலியாணத்துக்குக் கேட்டான் சுகிர்தன். நாற்பது வயது, நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன், நிதானமானவன். மனுசன் கொடுத்துவிட்டார்!

"ஒண்டு சொல்லுறன். இது தொண்ணூற்றெட்டாம் நம்பர் பெற்றோல் மட்டுந்தான் குடிக்கும். சுப்பர் பிளஸ். ஆனா நீ ஒண்டும் அடிக்க வேண்டாம், டாங்கில இருக்கிறது காணும்."

கலியாணம் சிறப்பாக முடிந்தது. மறுநாள் காரைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போதுதான் சுகிர்தனுக்கு மனம் கேட்கவில்லை. இரவல் வாங்கின சட்டியை நாங்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்போமா? நாலு வாழைப்பழமாவது உள்ளே வைத்துத்தானே கொடுப்போம். காரை மட்டும் எப்படிக் காய்ந்த டாங்கோடு விடுவது? வழியில் பெற்றோல் அடிக்கிற இடத்தில் நிறுத்தினான்.

பத்து வருடமாகத் தன் பழைய காருக்கு மலிவான நோர்மல் பெற்றோல், தொண்ணூற்றொன்று, அடித்துப் பழகிய கை, அதே குழாயை எடுத்தது. இருபது லீற்றர் ஏறிய பிறகுதான் எண் கண்ணில் பட்டது. அப்போதே நிறுத்தி, மிச்சத்துக்குத் தொண்ணூற்றெட்டு அடித்திருந்தால் பாதிப் பாவமாவது குறைந்திருக்கும். 'பெற்றோல் எல்லாம் பெற்றோல்தானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கழுத்துவரை நிறைத்தான். அறிவு கெட்ட வேலை!

பத்து நாள் கழித்துப் பரராசசிங்கத்தார் காரைக் கசல் பக்க மலைச் சாலையில் விரட்டினார். பெற்றோலை வலுவாக அமுக்குகிற எஞ்சின் அது. எண் குறைந்த பெற்றோல் அதற்குள் தன் முறை வருமுன்னரே வெடிக்கும். ஏற்றத்தில் கிணுகிணுவென்று தட்டத் தொடங்கி, உச்சிக்கு வருமுன் பிஸ்டன் ஓட்டையாகிப் போனது.

அன்றே போன் வந்தது. "சுகிர்தன், நீ டாங்க் நிறைச்சனீ எல்லே? என்ன அடிச்சனீ?"

"தொண்ணூற்றெட்டு அண்ணை." வாய் முந்திக்கொண்டது.

"அப்ப என்ரை கைதான்."

கலியாணத்துக்கு முதல் கிழமை, எஞ்சினில் தீப்பொறி விழுகிற நேரத்தை அவரேதான் சரிபார்த்து வைத்தவர். தான்தான் பிழையாக வைத்துவிட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டார். காரை விற்கப் போகிறாராம் என்று கதை வந்தது. "சிங்கத்தாருக்கு வயது போட்டுது" என்று சனம் உச்சுக்கொட்டியபோதெல்லாம் சுகிர்தனுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் மணி அடித்தும் இரண்டு தரம் நிறுத்தாமல் போய்ப் பேச்சு வாங்கினான்.

மூன்றாவது ஞாயிறு, என்ன வந்தாலும் சொல்லிவிடுவது என்று புறப்பட்டுப் போனான். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி அம்பிகா அக்கா. நேரே குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், மடித்த துண்டு ஒன்றை விரித்துக் காட்டினார். பெற்றோல் பற்றுச்சீட்டு. நோர்மல் என்று பளிச்சென்று இருந்தது.

"காருக்குள்ள கிடந்தது. அவர் காணேல்லை. சொல்லாதை தம்பி. நெஞ்சில ஒப்பரேசன் செய்த மனுசன், இருநூறில பறக்கிறார். இப்ப தானா விக்கப்போறன் எண்டுறார். இந்த ரெண்டு கிழமையாத்தான் நான் நித்திரை கொள்ளுறன்."

பற்றுச்சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டார். சுகிர்தனுக்கு உடம்பே லேசாகிப் போனது. தப்பினேன் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டான்.

கராஜுக்குப் போனான். அங்கே எஞ்சின் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. பரராசசிங்கத்தார் தீப்பொறி நேரம் பார்க்கிற விளக்கை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"கொண்டு போ. எனக்கினி உதவாது. கழட்டிறதுக்கு முதல் பத்துத் தரம் அளந்து பாத்தனான் சுகிர்தன். எல்லாம் சரியாத்தான் காட்டுது. அப்ப பாக்கிற என்னிலதான் பிழை."

அந்தக் கைகள் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதைத்தான் சுகிர்தனால் தாங்க முடியவில்லை. தேத்தண்ணியோடு வந்த அம்பிகா அக்கா வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் அடிச்சது தொண்ணூற்றொண்டு. தெரிஞ்சுதான் நிறைச்சனான். நீங்கள் கேக்கேக்கை பொய் சொன்னனான்."

அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

"டாங்க் முழுக்கவோ?"

"முழுக்க, அண்ணை."

அவர் கையை நீட்டி விளக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதைத் துணியால் துடைத்தார். "அப்ப நான் வைச்சது சரி" என்றார், யாருக்கோ சொல்வது போல. பிறகு மனைவி பக்கம் திரும்பி, "அம்பிகா, கார் விக்கேல்லை" என்றார். சுகிர்தனைப் பார்க்காமலே, "நீ போ" என்றார்.

வாசலில் அவன் "அக்கா" என்றான். அவர் விலகி வழிவிட்டார், நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்த நாளும் ஒரு துண்டு கேக்காவது சுற்றிக் கொடுக்காமல் அவனை அனுப்பாத மனுசி. அன்றைக்கு அவன் வெறுங்கையோடு தன் கார்வரை நடந்து போனான்.