பைறோஸாவின் சுவரொட்டியில் பலீல்

1

இந்தக் கதை என் வெட்கக்கேட்டிலிருந்து பிறந்தது. அந்தச் சுவரொட்டிக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தவன் நான்தான். 'உங்கள் வேட்பாளர் திருமதி பைறோஸா பலீல்' என்று எழுதினேன். மேலே, கத்தரித்த தாடியும் அசட்டுச் சிரிப்புமாக, அவளுடைய கணவனின் படம்.

2

வெள்ளவத்தை வாய்க்கால் பெருகிய காலையில், இடுப்பளவு தண்ணீரில் பைறோஸா தன்னந்தனியாக...

[இந்த வரியை அடித்துவிட்டேன். வீராங்கனை ஆக்கினால் எனக்குக் குற்றவுணர்வு குறையும், அவ்வளவுதான்.]

வாய்க்காலோரத்து வீடுகளுக்காக மூன்று வருடம் மாநகரசபைப் படியேறி, அடைத்துக் கிடந்த கழிவுநீர்க் கானைத் துப்புரவாக்க வைத்தவள் அவள். உறுப்பினரானால் கெஞ்சாமல் கேட்கலாம் என்று நினைத்தாள். கட்சிக்கோ, வேட்பாளர்களில் கால்வாசி பெண்களாக இருக்கவேண்டும் என்ற சட்டத்துக்குக் காட்டப் பெண்கள் வேண்டியிருந்தார்கள்.

3

கட்சி அமைப்பாளர் இராசரத்தினம் தேன் ஒழுகப் பேசினார்.

"தங்கச்சி, முக்காட்டோட படம் போட்டா எங்கட சனமும் சிங்கள ஆக்களும் வோட்டுப் போடாயினம். முக்காடு இல்லாட்டி உங்கட ஆக்கள் போடாயினம். பலீல் நானாவின்ர படத்தைப் போடுவம்."

"அப்ப எலெக்ஷன் கேக்குறது யாரு ஐயா?"

"நீங்கள்தான். அதில என்ன சந்தேகம்?"

அவள் கானை நினைத்துத் தலையாட்டினாள்.

(அடிக்குறிப்பு போல: தொலைக்காட்சிக்காரர் பத்து நிமிடம் பேட்டி எடுத்தார். உடுப்பைப் பற்றிக் கேட்டது ஒளிபரப்பானது. கானைப் பற்றிச் சொன்னதை வெட்டிவிட்டார்கள். வாக்குக் கேட்கப் போன தொடர்மாடிக் குடியிருப்பில் காவலாளி, வீட்டுவேலைக்கு வந்தவள் என்று நினைத்து அவளுக்குப் பின்வாசலைக் காட்டினான். பலீலுக்கு முன்வாசல்.)

4

வட்டாரத்தில் தோற்றாள். ஆனால் மொத்த வாக்குகளுக்காகக் கட்சிக்கு இன்னொரு ஆசனம் கிடைத்தது. அதைப் பெண்ணுக்கே கொடுக்கவேண்டும். தனக்குத்தான் என்று நம்பி அலுவலகத்துக்குப் போனாள். இராசரத்தினம் தன் மைத்துனி தாரிகாவின் பெயரை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார்.

"நான் என்ன செய்யிறது தங்கச்சி? உங்கட முகத்தை இங்க ஒருத்தருக்கும் தெரியாதே."

5

முடிவு ஒன்று: அவள் மேசையிலிருந்த தேநீரை எடுத்து அவர் முகத்தில்... [சினிமா.]

முடிவு இரண்டு: வேறு கட்சியில் சேர்ந்தாள். [அங்கேயும் ஓர் இராசரத்தினம் இருப்பார்.]

முடிவு மூன்று: "பரவாயில்ல ஐயா" என்று சொல்லிவிட்டு... [இதுதான் நடந்திருக்கும் என்று பயப்படுகிறேன். அதனால்தான் எழுத முடியவில்லை.]

அவளிடமே போய்க் கேட்கலாம். எனக்குத் துணிவில்லை. முடிவை நீங்கள் எழுதுங்கள். ஆனால் ஒன்று: இவ்வளவு எழுதியும், அவள் முகம் எப்படியிருக்கும் என்று நான் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

நீங்களும் கேட்கவில்லை.