ரீத்தாவின் வலது கண்

குழந்தை ரீத்தாவின் பழைய படங்களை டாக்டர் கேட்டிருந்தார். ஃபிளாஷ் போட்டு எடுத்தவை வேண்டும். வலது கண்ணுக்குள் இருக்கும் புற்றுக்கட்டி எந்தப் படத்திலிருந்து வெள்ளையாகத் தெரிகிறது என்று பார்த்தால், அது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம் என்றார். கண்ணை எடுத்தாக வேண்டும், அதில் மாற்றமில்லை. நோய் கண்ணோடு நின்றதா, நரம்பு வழியே உள்ளே மூளைக்குப் போய்விட்டதா என்பதுதான் இனிக் கேள்வி.

குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்ததும் உர்சுலா ஆல்பத்தை எடுத்து மேசையில் விரித்தாள். ஞானஸ்நானம், எண்பத்திரண்டாம் வருடக் கிறிஸ்மஸ், முதல் பிறந்தநாள். அவள் கணவன் எட்மண்ட் சன்னலோரம் நின்றான். ரீத்தா அவன் தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

எல்லாம் அவன் எடுத்த படங்கள். ஃபேரர் பார்க்கில் நெய்னா முகம்மதுவின் ஸ்டூடியோவில் அவனுக்கு வேலை. கல்யாணப் படங்களில் ஃபிளாஷ் பட்டுச் சிவந்த கண்களை மெல்லிய தூரிகையால் சாயம் தொட்டுக் கறுப்பாக்குவான். "எட்மண்ட் கை வச்சா பேய்கூட மாப்பிள்ளை ஆயிடும்லா" என்று நெய்னா பாய் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். வீட்டுப் படங்களையும் ஆல்பத்தில் ஒட்டுமுன் அங்கே கொண்டுபோய்த் திருத்துவது அவன் வழக்கம். சொந்தப் பிள்ளையைப் பேய்க் கண்ணோடு எவன் ஒட்டிவைப்பான்? ஞானஸ்நானப் படத்தில் அவளுடைய இடது கண் சிவப்பு, வலது கண் வெள்ளை. வெளிச்சம் நேராக விழுந்துவிட்டது என்று நினைத்தான். சிவப்புக்கு ஒரு தொடல் போதும். வெள்ளைக்கு நாலைந்து முறை வைக்க வேண்டியிருந்தது. பிறந்தநாள் படத்தில் இன்னும் கூடுதலாக. வேலை சுத்தமாக வந்ததில் அன்று அவனுக்குச் சந்தோஷம்.

உர்சுலா கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவளின் முகம் தெளிந்திருந்தது.

"பாருங்களேன், ஒரு படத்துலயும் இல்ல. ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி. இப்பத்தாங்க வந்திருக்கு. உள்ள எல்லாம் போயிருக்காது."

அவன் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுவோம்."

"காட்ட வேணாம்."

"ஏன்?"

"நான்தான் கறுப்பு வச்சேன், உர்சுலா. எல்லாத்துலயும். மொத படத்துலேர்ந்து."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு ஞானஸ்நானப் படத்தை ஆல்பத்திலிருந்து உரித்தெடுத்தாள். முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, படத்திலிருந்த குழந்தையின் வலது கண்ணைத் தேய்த்தாள். முதலில் மெதுவாக, சாப்பாடு ஒட்டிய வாயைத் துடைத்துவிடுவதுபோல. பிறகு அழுத்தி. துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. அந்த இடத்தில் தாளின் பளபளப்பு போய்க்கொண்டிருந்தது. கறுப்பு போகவில்லை.