இடக்கைக்கு ஒரு வெட்ஜ்

"அறுபது வேண்டாம் எண்டு சொல்லுறன்—"

"ஐம்பத்தாறு காணாது குணம், நிலத்தை நீர் பார்க்கேல்லை—"

"நிலத்தை விடுங்கோ, உங்கடை கையை நான் பார்த்தனான். அறுபதைத் தூக்கினால் நீங்கள் பந்தின்ரை தலையிலைதான் அடிக்கிறது. அது எழும்பாமல் ஓடித் தண்ணிக்குள்ளை விழும்."

"இஞ்சை எங்கை தண்ணி? அங்காலை வாழைத்தோட்டமெல்லோ."

"அப்ப வாழைக்குள்ளை விழும்!"

நீர்வேலியில் காலை ஆறு மணி. சண்முகநாதன் வீட்டுக்குப் பின்னால் வெறுங்காலுடன் நின்று கைபேசியை நிலத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கனடாவில், மார்க்கம் நகரில், அதற்கு முந்தைய நாள் பொழுது இன்னும் முடியவில்லை. அவர் மனைவி குணலட்சுமி ஒரு கோல்ஃப் கடைக்குள் நின்றார். ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டிவிடுவார்கள்.

வெட்ஜ் என்பது பந்தை உயரத் தூக்கிக் குழியைச் சுற்றிய புல்தரையில் இறக்குகிற குட்டையான மட்டை. அதன் முகம் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதைத்தான் இருவரும் ஐம்பத்தாறு, அறுபது என்று இழுபறிப்பட்டார்கள். சாய்வு கூடக்கூடப் பந்து செங்குத்தாக இறங்கும். இறங்கிய பின் குறைவாக உருளும்.

"பழசுக்கு என்ன வந்தது?"

"முகத்திலை இருந்த வரியெல்லாம் தேய்ஞ்சு போச்சு. பந்தைப் பிடிக்குதில்லை. விழுந்த இடத்திலை நிக்காமல் ஓடுது."

"சரி, அடிப்பக்கம் மொத்தமோ மெல்லிசோ? இந்தக் கடைப் பெடியன் மொத்தம் நல்லமெண்டுறான்."

"அவன் மார்க்கத்துப் புல்லை நினைச்சுச் சொல்லுறான். இது செம்மண். ரெண்டு நாள் தண்ணி விடாட்டில் சீமெந்து. மொத்த அடியெண்டால் நிலத்திலை பட்டுத் துள்ளிப் பந்தின்ரை வயித்திலை குத்தும். மெல்லிசா வாங்கும்."

"இது நீங்கள் சொல்லுறது சரி."

"அப்பாடா. ஒண்டெண்டாலும் சரி வந்துது."

"ஒண்டுதான்."

சண்முகநாதன் கைபேசியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"குணம், ரெண்டு வாங்கும். எனக்கு ஒண்டு. மற்றது இடக்கைக்கு."

குணலட்சுமி எழுதுவதும் சமைப்பதும் வலக்கையால். கோல்ஃப் மட்டை மட்டும் இடப்பக்கமாகத்தான் அவருக்கு வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, செவ்வாய்க்கிழமைகளில் இருவரும் மார்க்கத்து நகரசபையின் திடலுக்குப் போய்ப் பழகிய விளையாட்டு. நான்கே மாதத்தில் கணவரை வெல்லத் தொடங்கியவர்.

"சாருஜா திரும்ப வேலைக்குப் போறாளெல்லோ," என்றார் குணலட்சுமி. சாருஜா அவர்களின் ஒரே மகள். "பிள்ளையை ஆர் பாக்கிறது?"

"தைக்கு வாறனெண்டீர். பிறகு சித்திரை எண்டீர். நான் கோவிக்கேல்லை. நீர் வாறதெண்டால் இடக்கைக்கும் ஒண்டு வாங்கி ஊருக்கு வாற கந்தப்புவிட்டைக் குடுத்துவிடும். வாறேல்லையெண்டால் வாங்காதையும். எனக்கு அது காணும். வாயாலை ஒண்டும் சொல்லவேண்டாம்."

"லைட்டை நூக்கிறாங்களப்பா, பூட்டப்போறாங்கள். நான் வைக்கிறன்."

காணி உறுதிப் பத்திரத்தைத் திருத்த ஒரு மாதம் என்று ஊருக்கு வந்தவர் சண்முகநாதன். இரண்டு வருடமாகிவிட்டது. வாழை அழித்திருந்த இரண்டு பரப்பு நிலத்தை மட்டப்படுத்தி அறுகு பதித்தார். காலையும் மாலையும் கிணற்று நீர். நடுவில் ஒரு பால்மாத் தகரத்தைப் புதைத்துக் குழி. செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு பந்து வைப்பார், ஒன்று தனக்கு, மற்றது குணத்துக்கு. இரண்டையும் அவரேதான் அடிப்பார். அநேகமாகக் குணத்தின் பந்துதான் வெல்லும்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அருந்ததி ரீச்சர் வேலியில் இருந்த இடைவெளியால் தலையை நீட்டினார்.

"அண்ணை, பிள்ளையாருக்கு ஒரு பிடி அறுகு."

"கரையிலை பிடுங்கும். நடுவிலை கை வையாதையும்."

"பிள்ளையாருக்கே கரைப்புல்லுத்தானோ?"

"நடுவிலை பந்து நிக்கவேணும் பிள்ளை."

"மாடும் இல்லை, ஆடும் இல்லை. இவ்வளவு புல்லையும் வளர்த்துப்போட்டு அதிலை பந்தைக் கட்டி வைக்கப்போறாராம்." அருந்ததி கரையோரம் குந்தினார். "அக்கா எப்ப வாறா?"

"ஞாயிற்றுக்கிழமை கந்தப்பு வாறான். அவன்ரை பெட்டிக்குள்ளை ரெண்டு மட்டை இருந்தால் அக்கா வாறா."

"ஒண்டு இருந்தால்?"

"ஒரு பிடி காணும். எழும்பும்."

கந்தப்பு சண்முகநாதனோடு படித்தவர்; மார்க்கத்துக்குப் பக்கத்தில் ஸ்காபரோவில் லொறி ஓட்டுகிறார். அவர் ஊருக்கு வருவதென்றால் பெட்டியில் பாதிக்கு மேல் பிறர் கொடுத்துவிட்ட பொருள்கள்தான்: ஒருவருக்கு மூட்டுவலி மருந்து, இன்னொருவருக்குச் சப்பாத்து, யாரோ ஒரு பிள்ளைக்குக் கணினி. ஞாயிறு பின்னேரம் ஓட்டோவில் வந்து இறங்கியவர், துவாயில் சுற்றிய ஒரு சிறு பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"இதென்னடா?"

"உன்ரை சாமான்தான், மச்சான்."

"மட்டையெங்கை?"

"இதுதான் மட்டை."

சண்முகநாதன் துவாயைப் பிரித்தார். பழைய காலுறைகளுக்குள் திணித்து ஒட்டுநாடா சுற்றிய இரண்டு உருண்டைகள். ஒன்றை உரித்தார். வெட்ஜின் தலை மட்டும் பளபளத்தது. கழுத்துக்கு மேலே நான்கு விரல் நீளத்தில் கம்பு அரிந்துவிடப்பட்டிருந்தது.

"டேய்! கம்பு எங்கையடா?"

"குப்பையிலை. பெட்டிக்குள்ளை அடங்கேல்லை. குறுக்காலை வைச்சுப் பார்த்தன், சரிச்சு வைச்சுப் பார்த்தன்—"

"அதுக்கு அரிஞ்சு எறியிறதே?"

"ஏன் குதிக்கிறாய்? மண்வெட்டி வாங்கேக்கை கடைக்காரன் பிடியோடையே தாறவன்? தகட்டை வாங்கி ஆசாரியிட்டைப் பிடி போடுறதுதானே. கம்புக்குப் போய்க் கனடாவிலையிருந்து பாரம் காவுவனே!"

"மண்வெட்டியடா இது?"

"மண்ணைத்தானே கிண்டப்போறாய்?"

சண்முகநாதனின் கண் உரிக்காத மற்ற உருண்டையில் போய் நின்றது.

"கந்தப்பு, ரெண்டோ?"

"ரெண்டு. உன்ரை மனிசி கையாலை தந்தவா. ரெண்டையும் கவனமாக் குடுங்கோ எண்டு சொல்லித் தந்தவா."

"அப்ப சரி," என்றார் சண்முகநாதன். பிறகு சிரித்தார். "அப்ப சரியடா. இரு, தேத்தண்ணி போடுறன்."

மறுநாள் காலை இருவரும் கனிசியஸின் தச்சுப் பட்டறைக்குப் போனார்கள். தலைகளைக் கையில் வாங்கிய கனிசியஸ், கதை முழுவதையும் கேட்டுவிட்டுக் கந்தப்புவைப் பார்த்தார்.

"அரியிறதெண்டால் நேராவாவது அரிஞ்சிருக்கலாம்."

"பார்த்தியோ, அரிஞ்சது பிழையில்லையாம்," என்றார் கந்தப்பு.

கனிசியஸ் இரும்பின் கழுத்தைச் சூடுகாட்டி உள்ளிருந்த பசையை இளக்கி, மிச்சக் கம்பைப் பிடுங்கி எடுத்தார். பிறகு அளவு நாடாவை உருவினார்.

"எழும்பி நில்லுங்கோ ஐயா. ஆளின்ரை உயரம் தெரியாமல் பிடி போடேலாது." கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து நிலம் வரை அளந்தார். "ஒண்டு இது. மற்றது ஆருக்கு?"

"என்ரை மனிசிக்கு. கனடாவிலையிருந்து வாறா."

"எவ்வளவு உயரம்?"

சண்முகநாதன் தன் தோளில் கைவிளிம்பை வைத்துக் காட்டினார். சரிபார்த்து இன்னும் ஒரு விரல் கீழே இறக்கினார். "இவ்வளவு. கொஞ்சம் மெல்லிசாச் சீவும். அவவின்ரை கை சின்னன். இடக்கை ஆள், அதையும் கவனியும்."

"இடக்கையோ?" கனிசியஸ் இரண்டு தலைகளையும் பலகையில் பக்கம் பக்கமாக, முகம் மேலே தெரிய வைத்தார். ஒன்றில் அறுபது என்று பொறித்திருந்தது, மற்றதில் ஐம்பத்தாறு. "இடக்கைக்கு எண்டால் மூக்கு மற்றப் பக்கமெல்லோ திரும்பியிருக்கவேணும். இது ரெண்டும் ஒரே பக்கம் பாக்குது, ஐயா."

சண்முகநாதன் குனிந்து பார்த்தார். ஒன்றைத் திருப்பி வைத்தார். மறுபடியும் நேராக வைத்தார்.

"என்ன மச்சான்?" என்றார் கந்தப்பு. "நான் கம்பைத்தான் அரிஞ்சனான். தலையிலை கை வைக்கேல்லை."

"இல்லையடா. உன்னிலை பிழையில்லை."

"அப்ப ரெண்டாவதுக்கு எந்த அளவு?" என்று கேட்டார் கனிசியஸ்.

"ரெண்டும் வலக்கைதான். ரெண்டுக்கும் என்ரை அளவு."

அன்று பின்னேரம் புதுப் பிடிகளோடு வீட்டுக்கு வந்தார். கந்தப்புவை தெரு முகப்பிலேயே அனுப்பிவிட்டார். ஐம்பத்தாறை எடுத்து ஒரு பந்து அடித்தார். மரப்பிடி கையில் கனத்தது. பந்து எழும்பி, அறுகில் விழுந்து, ஒருமுறை துள்ளி, குழிக்கு மூன்று அடியில் நின்றது. இன்னொன்று அடித்தார். அதுவும் நின்றது. கூப்பிட்டுக் காட்ட ஒருவரும் இல்லை.

ஐந்தரைக்குக் கைபேசி அடித்தது. மார்க்கத்தில் அப்போதுதான் காலை எட்டு மணி.

"இஞ்சேருங்கோ, ரெண்டும் வந்திட்டுதோ?" குணலட்சுமி விரைவாகக் கதைத்தார். பின்னால் பேரப்பிள்ளை கரண்டியால் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "ஏன் சண்டையெண்டு உங்கடை அறுபதையும் வாங்கிப்போட்டன். ரெண்டும் மெல்லிச அடி. சொன்னபடிதான். பந்து நிக்குதோ?"

"நிக்குது."

"நான் சொன்ன ஐம்பத்தாறோ?"

"ஓம். ஐம்பத்தாறுதான்."

"பார்த்தீங்களோ!"

கந்தப்பு கம்பை அரிந்த கதையைச் சண்முகநாதன் சொன்னார். குணலட்சுமி சிரித்தார், மூச்சு வாங்கிச் சிரித்தார், "மண்வெட்டியோ, மண்வெட்டியோ" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தார். சண்முகநாதன் கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு அடங்கும் வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு மெல்லக் கேட்டார்.

"குணம், கடையிலை இடக்கைக்கு இருக்கேல்லையோ?"