மனம் நோகாத மலை

பழமலைநாதன் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, அவருடைய பள்ளிக்கூடத்தில் பல சொற்களுக்கு வேலை போய்விட்டது. அவர் தாளாளர். பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் உண்டு. அது கூரியரில் வந்தது. 'மாணவர் மனம் நோகாத வகுப்பறை' என்று வாசலில் பேனர் கட்டி, சொல்லக் கூடாத சொற்களின் பட்டியலை வகுப்புதோறும் ஒட்டவைத்தார். 'ஃபெயில்' இனிமேல் 'தள்ளிப்போன வெற்றி'. பீங்கான் சூளைக்காரர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் 'உடைசல்' என்பதற்கும் தடை. 'பலவாகிய ஒன்று' என்று சொல்ல வேண்டும். கிழம், கிழவி, முதுமை மூன்றுக்கும் சிவப்பு மையில் அடிக்கோடு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதுமை ஏன் நோகும் என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பேரன் கல்லூரிக்குப் போகிற வயதில் தாளாளரின் தலைமுடி கருகருவென்று இருப்பதைப் பார்த்த பிறகு விளங்கியது.

சமூக அறிவியல் ஆசிரியை ராஜாம்பாளுக்குச் சிரிக்க நேரமில்லை. சேர்ந்த நாளிலிருந்து அவள் தற்காலிக ஆசிரியைதான். பெற்றோர் முன்னிலையில் ஒரு பாடம் நடத்தி, அது தாளாளருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பாடத்தையும் அவரே பெரிய மனதோடு தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்: 'நம் ஊரின் பெயர்.'

விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் மலை. விருத்தாசலம் என்றாலும் கிழட்டு மலை, முதுகுன்றம் என்றாலும் அதே மலை, பழமலை என்றாலும் அதேதான். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஊர் கிழமாகவே நின்றது. ராஜாம்பாள் யோசித்து யோசித்து, பெற்றோர் முன்னால் பாடம் நடத்திய அன்றைக்குக் கரும்பலகையில் 'அனுபவம் மிக்க மலை' என்று எழுதினாள். தாளாளர் மெச்சித் தலையாட்டினார்.

முன் பெஞ்சிலிருந்து தமிழினி எழுந்தாள். "அப்ப விருத்தாம்பாள் அம்மன் யாரு மிஸ்? அனுபவம் மிக்க அம்மாளா?"

வகுப்பே சிரித்தது. வேறு வழியில்லாமல் ராஜாம்பாள் கோயில் கதையைச் சொன்னாள். பசியோடு வந்த அடியார் ஒருவர் அம்மனைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்டாராம். அம்மன் கிழவியாகவே வந்து நின்று, கிழவியால் எப்படியப்பா சோறு கொண்டுவர முடியும் என்றாளாம். அவர் இளையவள் என்று மாற்றிப் பாட, சோறு வந்ததாம். சொல்லி முடித்த பிறகுதான், எத்தனை கிழவிகளை அவிழ்த்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அம்மனுக்கே நொந்துடுச்சுல்ல மிஸ். அப்ப சார் செஞ்சது சரிதான?" என்றாள் தமிழினி.

தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நொந்துச்சுதான்" என்றாள் ராஜாம்பாள். "ஆனா அம்மன் பட்டியலு ஒட்டல. நேரா வந்து சொன்னாங்க. அவரும் மாத்திக்கிட்டாரு."

பெற்றோர் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. விட்டுக்கொடுக்கக் கூடாதென்று தாளாளர் எழுந்து கையை விரித்தார். "அப்படியே ஆகட்டும். இந்த ரூம்ல யாருக்கு எந்தச் சொல்லு நோகுதோ சொல்லுங்க. இப்பவே நீக்குறேன்."

பின் பெஞ்சில் யாரோ 'ஹோம்வொர்க்' என்றார்கள். அது காதில் விழாதது போல் தாளாளர் பெற்றோரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

ராஜாம்பாள் கையைத் தூக்கினாள். "எனக்கு ஒண்ணு இருக்குதுங்க சார். 'தற்காலிகம்'."

தாளாளர் தொண்டையைச் செருமினார். அதற்குப் பதிலாக 'நிரந்தரத்தை நோக்கிய ஆசிரியை' என்று மாற்றிக்கொள்ளலாமே என்றார்.

"நீக்குறேன்னுதான சார் சொன்னீங்க?" என்றார் தமிழினியின் அப்பா தங்கதுரை, சூளைச் சூட்டில் பழகிய நிதானத்தோடு. "மாத்துறேன்னு சொல்லலியே."

கைதட்டல் எழுந்தது. கரண்ட் வேறு போயிருந்தது. தாளாளருக்கு வேர்த்துக் கொட்டி, கிருதாவிலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கி வெள்ளைச் சட்டைக் காலரில் ஊறியது. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. மனம் நோகாத வகுப்பறை அல்லவா.

திங்கட்கிழமை ராஜாம்பாளுக்கு நிரந்தர ஆணை வந்தது. கூடவே திருத்திய பட்டியலும் வந்தது. ஊர்ப் பெயரை முன்னிட்டுக் கிழமும் கிழவியும் முதுமையும் அதிலிருந்து விடுதலையாகியிருந்தன. புதிதாக ஒரே ஒரு சொல் சேர்ந்திருந்தது: 'சாயம்'.