சட்டத்துக்கு அடியில்

"உன் இஷ்டம் ரோஸே" என்று என் வீட்டுக்காரர் கரமனையில் பஸ் ஏறும்போது சொன்னார். பாப்பனங்கோட்டில் இறங்கும்போது சொன்னார். கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போதும் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து எந்தத் துணிக்கடையிலும் இவர் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை. கர்த்தர் என் மனுஷனுக்கு நல்ல புத்தி கொடுத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே நடந்தேன். அவ்வளவு பெரிய மண்டு நான்.

அது இரண்டாயிரத்து நாலு. நான் குயில்ட் தைக்கிறவள். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சை விரித்து, மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தைத்தெடுக்கிற போர்வை. கோவளத்தில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற ஒரு கடை என்னிடம் வாங்குகிறது. இந்தப் புழுக்கத்தில் யார் போர்த்துவார் என்று கேட்காதீர்கள், அவர்கள் ஊருக்குக் கொண்டுபோய்ப் போர்த்துவார்கள். என் வீட்டு மெஷினில் ஊசிக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டி அந்தச் சாணுக்குள் திணிக்க வேண்டும், இழுக்க வேண்டும், மறுபடி திணிக்க வேண்டும். ஆறு வருஷம் திணித்ததில் என் வலது தோள் போய்விட்டது. இந்தத் தையலை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். இல்லையென்றால் துணியை இழுக்கத் தேவையில்லாத மெஷினைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு வழியில்லை. ஒன்று லாங் ஆர்ம் என்கிற அந்த நீளக் கழுத்து மெஷின், இல்லை என்றால் தையலுக்கே முழுக்கு.

மெஷின் விற்பனைக்கு வருகிற சேதியை வீட்டுக்குக் கொண்டுவந்ததே என் வீட்டுக்காரர்தான். சத்தியதாஸ் கூலிக்கு டாக்ஸி ஓட்டுகிறவர். மூடப்போகிற ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் மெக்கானிக் வேலாயுதன் அவருக்கு டீக்கடை சிநேகம். அப்போது சத்தியதாஸ் உண்மையாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் தம்பி லிபினுக்கு ஷார்ஜாவில் வேலை சரியாகி, ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று அவன் வந்து நின்றான். எங்கள் வீட்டில் பணம் என்று இருந்தது ஒன்றுதான். களியக்காவிளைப் பக்கம் அப்பா எனக்கு எழுதிவைத்த நிலத்தை விற்று, என் பெயரில் பாங்கில் போட்ட பணம். அது மெஷினுக்கு, தர முடியாது என்று லிபினிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து பப்படம் நொறுக்கிக்கொண்டிருந்த சத்தியதாஸ், "அவ பணம், அவ இஷ்டம்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வேலாயுதன் எங்களைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய்த் தார்ப்பாயை இழுத்தார். நாகர்கோவில்காரர். இந்த ஊருக்கு வந்து வருஷக்கணக்கில் ஆனதில் அவர் தமிழில் பாதி மலையாளம்.

"நல்லோணம் நோக்கிக்கோ சேச்சி. திருநெல்வேலியில இருந்து குற்றாலலிங்கம்னு ஒரு பார்ட்டி இப்ப வரும். ஆரு முதல்ல அட்வான்ஸ் தாராங்களோ அவங்களுக்குத்தான்னு முதலாளி பறஞ்சிட்டாரு."

பன்னிரண்டு அடி நீளத்துக்கு இரும்புச் சட்டம். அதில் குறுக்கே உருளைகள். துணியைக் கட்டிலில் விரித்த மாதிரி உருளைகளில் இறுக்கி விட்டால் அது அசையாது. மெஷின்தான் தண்டவாளத்தில் சக்கரம் வைத்து நகரும். நாம் நின்றுகொண்டு இரண்டு கைப்பிடியையும் பிடித்து, எழுதுகிற மாதிரி ஓட்ட வேண்டியதுதான். மெஷின் பழையது. தையலின் நீளத்தைத் தானே பார்த்துக்கொள்கிற கருவி எதுவும் கிடையாது, கை ஒரே வேகத்தில் போனால்தான் தையல் ஒரே அளவில் விழும். சட்டமும் அசல் இல்லை, உள்ளூர்ப் பட்டறையில் பைப்பு வாங்கி வெல்டு வைத்தது. இதெல்லாம் குறைதான். இந்தக் குறையெல்லாம் இருந்ததால்தான் விலை என் கைக்கு எட்டியது.

தண்டவாளத்தை விரலால் தடவிப் பார்த்தேன். துரு இல்லை. சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்று மட்டும் முனகியது, எண்ணெய் விட்டால் போதும். வீட்டு முன்னறைச் சுவரைப் பழைய சேலை ஒன்றால் அளந்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். சட்டத்தோடு பிடித்துப் பார்த்தால், கதவைத் திறக்க இடம் மிச்சமிருந்தது. கடைசியாக ஊசிக்கும் கழுத்துக்கும் நடுவே என் கையை வைத்தேன். முழங்கை முதல் விரல் நுனி வரை உள்ளே போயிற்று. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக சாண் முழமாகி நின்றது. அழுகை வரும்போல இருந்தது, ஆண்கள் முன்னால் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

வேலாயுதன் நூல் கோத்து, சட்டத்தில் இறுக்கியிருந்த துணியின் ஓரத்தில் கொஞ்சம் ஓட்டிக் காட்டினார். ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் ஒரே மாதிரித் தையல், இறுக்கமும் ஒரே மாதிரி.

"கொள்ளாம், இல்லியா சேச்சி?" என்றார்.

"கொள்ளாம் அண்ணே. நல்லாவே இருக்கு."

சத்தியதாஸின் சட்டைப்பையில் மொபைல் அடித்தது. எடுத்துப் பார்த்து, பேசாமல் அமர்த்தினார். "வேலாயுதா, வா, ஒரு சாயா குடிச்சிட்டு வருவோம். அவ பாத்துட்டு இருக்கட்டும்."

போனார்கள். நான் மோட்டாரைப் போடாமலே மெஷினை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிப் பார்த்தேன். தோள் வலிக்கவில்லை. எந்த வாரம் எந்தப் போர்வை என்று மனசுக்குள் தைத்தே முடித்துவிட்டேன். சாயாவுக்கு இவ்வளவு நேரமா, திருநெல்வேலிக்காரர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த வேலாயுதன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நூல் பழசு, மாத்துதேன்" என்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புதிதாகக் கோத்தார். துணியின் நடுப்பகுதியில் ஓட்டினார். சத்தம் சரியாக இருந்தது. மேலே தையல் அழகாகவே விழுந்தது.

"அடியில எப்படின்னு பாரு ரோஸே" என்றார் சத்தியதாஸ். இத்தனை வருஷத்தில் நான் தைத்த எதையும் அவர் புரட்டிப் பார்த்ததில்லை.

நடுவில் தைத்ததை ஓரத்தைப் போலப் புரட்ட முடியாது. சட்டத்துக்கு அடியில்தான் போய்ப் பார்க்க வேண்டும். வேலாயுதனிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். வெளிச்சம் அடித்தேன். அடியில் நூல் இடியாப்பம் மாதிரி குலைந்து தொங்கியது. ஒரு தையல்கூட இறுகவில்லை.

இந்த லட்சணத்தில் போர்வையைக் கொண்டுபோனால் கோவளத்துக்காரன் என் மூஞ்சியில் எறிவான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் தையல் பழகின வாய் கேட்டுவிட்டது.

"அண்ணே, டென்ஷன் பாத்தியளா?"

ஊரில் எல்லோருக்கும் டென்ஷன் என்றால் மனக்கவலை. தையல்காரிக்கு அது மெஷின் தலையில் இருக்கிற இரண்டு சின்னத் தட்டு. மேல் நூல் அவற்றுக்கு நடுவே போனால்தான் இறுகும்.

"அது மேல..." என்று வேலாயுதன் தொடங்கினார்.

சட்டத்துக்கு அடியிலிருந்து பார்த்தால் ஆளின் முகம் தெரியாது, கால்தான் தெரியும். வேலாயுதனின் வெறுங்காலும், அதன் பக்கத்தில் செருப்புப் போட்ட என் வீட்டுக்காரர் காலும் தெரிந்தன. ஜாக்கி விழுந்து கறுத்துப்போன பெருவிரல் நகம், அதை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். அந்தக் கால் எழுந்து வேலாயுதன் காலை அழுத்தியது. எடுத்து, மறுபடியும் அழுத்தியது.

"...இல்ல சேச்சி, அடியில உள்ள ஹூக்கு போயிட்டு. அதுக்க பார்ட்டு இஞ்ச கிட்டாது. இனி ரெட்சயில்ல."

நான் அசையாமல் கிடந்தேன். அடியில் நூல் குலைந்தால் அடியைத் திட்டாதே, மேலே பார். மெஷினில் உட்காருகிற சின்னப் பெண்ணுக்கும் முதல் வாரத்தில் தெரிகிற பாடம் இது. நூல் அடியில்தான் குலையும், ஆனால் குற்றம் மேலே இருக்கும்.

கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அவமானம். வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன், பாத்திரம் உருண்டிருக்கும், அழுதிருப்பேன். அந்தச் சண்டையில் நான் ஜெயித்தும் இருப்பேன், தோற்றும் இருப்பேன். ஒரு சண்டைக்குக்கூட ஆகாதவளா நான்? வாயால் இஷ்டம் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, காலால் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற மனுஷனோடா நான் இத்தனை நாள் ஒரே தட்டில் சாப்பிட்டேன்?

வெளியே வந்தேன். சத்தியதாஸ் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். "விதி ரோஸே. விடு, பொறவு பாப்போம். பணம் எங்க போகப் போவுது?"

பணம் எங்கே போகப் போகிறது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

மெஷின் தலைப்பக்கம் போனேன். மேல் நூல் இரண்டு தட்டுக்கும் நடுவே போகாமல், பக்கத்திலேயே சாதுவாக ஒட்டிக் கிடந்தது. இழுத்தேன், கடைக்காரன் கொசுறு கொடுக்கிற மாதிரி தாராளமாக வந்தது. தட்டுகளுக்கு நடுவே நூலை அழுத்திவிட்டு மறுபடி இழுத்தேன். இப்போது பிடித்தது. வேலாயுதன் தரையைப் பார்த்தார்.

"சேச்சி, நான்..."

"நீங்க சும்மா நில்லுங்க அண்ணே." டார்ச்சை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "இஞ்ச பாருங்க, இந்தத் தடவ நீங்க அடியில போய்ப் பாருங்க."

"நானா? வெள்ளச் சட்ட போட்டிருக்கேன் ரோஸே."

"தொவைக்கது நான்தானே. போங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சில்லாமல் படுத்து உள்ளே நகர்ந்தார். அவர் நின்ற அதே இடத்தில், வேலாயுதனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். செருப்பைக் கழற்றினேன். அந்த மனிதர் காலைத் தொடவில்லை, அவர் காலுக்கு ஒட்டினாற்போல் தரையில் என் காலை ஊன்றி அழுத்தினேன். எடுத்து, மறுபடியும் அழுத்தினேன்.

அடியில் அலைந்துகொண்டிருந்த வெளிச்சம் அப்படியே நின்றுவிட்டது.

மோட்டாரைப் போட்டேன். இரண்டு கைப்பிடியையும் பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அலை அலையாக ஓட்டினேன். தோள் முனகவில்லை. வெளியே கேட்டில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. திருநெல்வேலிக்காரர். வேலாயுதன் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நகரவில்லை. மோட்டாரை நிறுத்தினேன்.

"அடியில எப்படி இருக்கு?"

மறுபடியும் ஹாரன்.

"உங்களத்தான் கேக்கேன். நூல் குலைஞ்சிருக்கா?"

"இல்ல."

"கொள்ளாமா?"

"கொள்ளாம்."

"அப்பம் குற்றம் எங்க இருந்துச்சு?"

நான் காத்திருந்தேன். என் மெஷின் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை, இதற்குப் பதில் வராமல் நகரக் கூடாது என்று நின்றேன்.

"மேல" என்றார். அப்புறம், நான் கேட்காமலே, "மேலதான் ரோஸே."

முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்வான்ஸை எடுத்து வேலாயுதன் முன்னால் வைத்தேன். "ரசீது எழுதுங்க அண்ணே."

அவர் தயங்கினார். "அண்ணன்கிட்ட ஒரு வாக்கு கேக்கண்டாமா சேச்சி?"

"எதுக்கு? காலையில இருந்து அவருதான் சொல்லிட்டே வாராரே, என் இஷ்டமாம்."

வேலாயுதன் ரசீதுப் புத்தகத்தைத் தேடி மேசைப் பக்கம் போனார். சட்டத்துக்கு அடியில் டார்ச் அணைந்தது. ஆனால் ஆள் வெளியே வரவில்லை.